சென்ரிமீற்றரில் அளந்த சுருள்

இந்த முறை ஒரு கணக்குப் பிழையில் இருந்து தொடங்குகிறேன். பிழை என்னுடையது. அதைப் பிடித்தவர் அப்பா.

2010ஆம் ஆண்டு. எனக்கு வயது 18. எலெக்ட்ரோனிக்கர் லேரெயில் இரண்டாம் வருடம். ஒரு சனிக்கிழமை, தம்பியைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நேரம் போகாமல் பக்கத்தில் இருந்த ப்ரொக்கன்ஹவுஸுக்குள் போனேன். பழைய சாமான் கடைகளில் எனக்கு எப்போதும் ஒரு ஆசை. அங்கே 2 பிராங்குக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. 1930களில் அச்சான ஜேர்மன் புத்தகம். பழைய கோணல் எழுத்து. வீட்டிலேயே றேடியோ செய்வது எப்படி என்று சொல்லித் தருகிற புத்தகம்.

அதில் ஒரு கொயிலுக்குக் கொடுத்திருந்த அளவு 200,000 சென்ரிமீற்றர். நான் முதலில் கம்பியின் நீளம் என்று நினைத்தேன். 200,000 சென்ரிமீற்றர் என்றால் 2 கிலோமீற்றர். கையில் அடங்குகிற கொயிலுக்குள் 2 கிலோமீற்றர் கம்பியா? கொண்டென்சருக்கும் சென்ரிமீற்றர்தான் போட்டிருந்தது. இன்னும் இரண்டு பக்கம் தள்ளி ஒரு சூத்திரம். கொயிலின் பெறுமானத்தையும் கொண்டென்சரின் பெறுமானத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கினால் வானொலி அலையின் நீளம் வரும் என்றது. அதுவும் சென்ரிமீற்றரில்.

சும்மா விடுவேனா? பெரோமுன்ஸ்ரர் நிலையம் எங்கள் சுவிஸின் பழைய ஜேர்மன் மொழி வானொலி நிலையம். 1931இல் தொடங்கியது. அதன் மத்திய அலை ஒலிபரப்பை 2008 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். கடைசியாக ஒலிபரப்பிய அலைவரிசை 531 கிலோஹேர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 564.6 மீற்றர். புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். கொயில் 200,000 என்றால் கொண்டென்சர் 404 வரவேண்டும். சரி, சென்ரிமீற்றர் என்பது பிகோபரட்டுக்குப் பழைய பெயர் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். தொழிற்சாலைப் பயிற்சி அறையில் 200 மைக்ரோஹென்றிக் கொயில் ஒன்றும், 390, 15 பிகோபரட் கொண்டென்சர்கள் இரண்டும் எடுத்துச் சேர்த்துக் கட்டினேன். சிக்னல் ஜெனரேற்றரை 531இல் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் 560ஐ ஒட்டிய இடத்தில்தான் சுற்று விழித்தது.

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேசையில் போட்டேன். அப்பா இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"இது பிகோபரட் இல்லைப் பிள்ளை. சென்ரிமீற்றர். பத்துக்கு ஒண்டும் கொஞ்சமும் கூட்டிப் போடு."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் 47 பிகோபரட் கொண்டென்சர் ஒன்றைச் சமாந்தரமாகச் சேர்த்தேன். சுற்று 530க்கு வந்து நின்றது.

அப்பாவுக்கு அது எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், ஒரு கொயிலை ஏன் சென்ரிமீற்றரில் அளந்தார்கள் என்று பார்ப்போம். அந்தக் கதை பூமியைச் சுற்றி வருகிறது. நடுவில் பேர்ணும் ஆராவும் சூரிச்சும் வருகின்றன. சென்னையும் ஒரு ஓரமாக வருகிறது.

தூண்டுதிறன் என்றால் என்ன?

மிக்ரோஸில் தள்ளுவண்டி தள்ளியிருப்பீர்கள். வெறும் வண்டி தொட்டவுடன் ஓடும், பிடித்தவுடன் நிற்கும். அரிசி மூட்டையும் தண்ணீர்ப் போத்தல்களும் ஏற்றிய வண்டி அப்படி இல்லை. கிளப்பவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம். மின்னோட்டத்துக்குக் கொயில் செய்கிற வேலையும் இதுதான். ஓட்டம் ஒரே அளவில் போகும்போது கொயில் பேசாமல் இருக்கும். ஓட்டத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ எதிர்க்கும். அந்த எதிர்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்தான் தூண்டுதிறன். ஒரு வினாடியில் 1 அம்பியர் மாறும்போது 1 வோல்ற் எதிராகக் கிளம்பினால், அந்தக் கொயிலின் தூண்டுதிறன் 1 ஹென்றி.

அந்தப் பெயர் ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்கருடையது. நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரிய மின்காந்தங்கள் செய்துகொண்டிருந்தபோது, நீளமான சுருளில் ஓடும் மின்னோட்டத்தை வெட்டினால் பெரிய பொறி பறப்பதைக் கவனித்தார். 1832இல் அதை எழுதி வெளியிட்டார். லண்டனில் மைக்கல் பரடே 1831இல் மின்தூண்டலைக் கண்டுபிடித்து அறிவித்திருந்தார். ஒரு சுருள் தன்னைத்தானே எதிர்ப்பதை முதலில் எழுதியவர் ஹென்றி. ஆனால் எவ்வளவு எதிர்ப்பு என்று சொல்ல அப்போது யாரிடமும் ஒரு அலகு இல்லை.

எல்லாவற்றையும் மூன்றில் அடக்குவது

அலகு இல்லாத காலத்தில் ஒவ்வொருவரும் தன் கம்பியைக் காட்டி அளந்தார்கள். இந்த ஆய்வுகூடத்தின் இத்தனை அடி செப்புக் கம்பி, அந்தத் தந்திக் கம்பனியின் இத்தனை மைல் இரும்புக் கம்பி என்று. வேர்னர் சீமென்ஸ் ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் கொண்ட பாதரசத் தூணைத் தடையின் அலகாக வைத்தார்.

ஜேர்மனியின் கெற்றிங்கனில் கணிதமேதை கவுஸ் 1832இல் வேறு வழி காட்டினார். காந்தத்தை அளக்க இன்னொரு காந்தம் எதற்கு? நீளம், நிறை, நேரம் மூன்றும் போதும் என்றார். அவருடைய தோழர் வில்ஹெல்ம் வேபர் அதையே மின்னோட்டத்துக்கும் தடைக்கும் விரித்தார். பிரித்தானிய அறிஞர் சங்கத்தின் குழு ஒன்று, தொம்சனும் மக்ஸ்வெல்லும் இருந்த குழு, 1870களில் சென்ரிமீற்றர், கிராம், வினாடி மூன்றையும் அடிப்படையாக வைக்கச் சொன்னது.

இப்படிச் செய்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. காந்த விசையில் இருந்து தொடங்கிக் கணக்குப் போட்டால், மின்தடை என்பது வேகமாக வந்து நின்றது. வினாடிக்கு இத்தனை சென்ரிமீற்றர். தூண்டுதிறன் என்பது தடையை நேரத்தால் பெருக்கியது. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் என்ன வரும்? தூரம். ஆகவே கொயிலின் பெறுமானம் சென்ரிமீற்றரில் வந்தது. கம்பியின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கணக்கு தானாகவே அங்கே கொண்டுபோய் விட்டது.

ஆனால் அந்தச் சென்ரிமீற்றர் மிகச் சின்னது. தந்தி வேலைக்காரருக்கு அது உதவாது. அதனால் தடைக்கு வினாடிக்கு 100 கோடி சென்ரிமீற்றர் என்று ஒரு பெரிய அலகை எடுத்து அதற்கு ஓம் என்று பெயர் வைத்தார்கள். 1881இல் பாரிஸ் மாநாடு அதை உறுதி செய்தது. அதே வழியில் தூண்டுதிறனின் பெரிய அலகு 100 கோடி சென்ரிமீற்றர். அதாவது 10,000 கிலோமீற்றர்.

10,000 கிலோமீற்றர் என்பதை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பூமியின் கால்வட்டம்

1790களில் பிரெஞ்சுக்காரர் மீற்றரை உண்டாக்கியபோது, வடதுருவத்தில் இருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தை ஒரு கோடி பங்காக்கி, ஒரு பங்கை மீற்றர் என்றார்கள். பூமியைச் சுற்றும் வட்டத்தில் கால்வாசி அது. அந்தக் கால்வட்டம் 10,000 கிலோமீற்றர் என்பது வரையறையில் இருந்தே வந்த எண். அவர்களுடைய அளவையில் சின்னப் பிசகு இருந்ததால் உண்மைத் தூரம் இன்று ஏறத்தாழ 10,002 கிலோமீற்றர்.

அந்த மீற்றரைச் சரிபார்க்க 1798இல் பாரிஸில் பல நாட்டு அறிஞர்கள் கூடினார்கள். அப்போது சுவிஸுக்கு ஹெல்வெற்றியக் குடியரசு என்று பெயர். அதன் பிரதிநிதியாகப் போனவர் பேர்ணில் கணிதமும் இயற்பியலும் படிப்பித்த யோஹான் ஜோர்ஜ் த்ரால்லெஸ். அவருடைய மாணவர் ஆராவில் 1770இல் பிறந்த பெர்டினான்ட் ருடோல்ப் ஹஸ்லர். இருவரும் சேர்ந்து ஆர்பேர்க் அருகே குரோஸெஸ் மோஸ் சமவெளியில் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்தவர்கள். பேர்ணில் இருந்து நொயன்பேர்க் ரயிலில் போனால், யன்னலுக்கு வெளியே கீரைத் தோட்டங்களாகத் தெரிகிற அதே சமவெளிதான்.

ஹஸ்லர் 1805இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். த்ரால்லெஸ் கொடுத்த இரும்பு மீற்றர்க் கோல் ஒன்றையும் கொண்டு போனார். பின்னாளில் அமெரிக்கக் கரையோர நில அளவைத் துறையின் முதல் தலைவர் ஆனார். பல காலம் அமெரிக்க நில அளவைக்கு அந்தக் கோல்தான் ஆதாரம். ஆராவில் இருந்து ஒரு குடியேறி தன் பெட்டியில் ஒரு நாட்டின் நீளத்தைக் கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பெருமையும் வரும்.

அதே காலத்தில் நம் பக்கத்திலும் பூமியை அளந்துகொண்டிருந்தார்கள். 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளமான அடிக்கோடு ஒன்றை அளந்து பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருடைய கருவி அரை தொன் எடை. உயரமான இடம் இல்லாத சமவெளிகளில் கோயில் கோபுரங்கள்மேல் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி, கருவி பழுதாகிவிட்டது. மீற்றரை முடிவு செய்ததில் லாம்ப்டனுக்குப் பங்கு இல்லை. அது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை என்பதை நுணுக்கமாகக் கணக்கிட, தமிழ்நாட்டில் அளந்த வில் பெரிதாக உதவியது. கால்வட்டத்தின் உண்மை நீளம் தெரிய அந்தக் கணக்கு வேண்டும்.

ஆகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தூண்டுதிறனின் பெரிய அலகுக்குப் பொருத்தமான பெயர் கையில் தயாராக இருந்தது. 1889இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாடு அதற்குக் குவாட்ரன்ற் என்று பெயர் சூட்டியது. கால்வட்டம் என்று அர்த்தம். இங்கிலாந்தில் எயர்ட்டனும் பெரியும் வினாடி, ஓம் இரண்டையும் ஒட்டி செக்கோம் என்று இன்னொரு பெயரைப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். 1893இல் சிக்காகோ மாநாடு ஹென்றி என்று மாற்றியது. குவாட்ரன்ற், செக்கோம், ஹென்றி மூன்றும் ஒன்றே. பெயர் மட்டும்தான் மாறியது.

இறாத்தலும் புஃபுண்டும்

இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் குழப்பம் வராதா? வரும். எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே வந்தது. அம்மாவின் பழைய கொப்பியில் கேக்குக்கு ஒரு இறாத்தல் மா என்று இருக்கும். இலங்கை இறாத்தல் 453.6 கிராம். பக்கத்து வீட்டுச் சுவிஸ் பாட்டி "ஐன் புஃபுண்ட்" என்றால் 500 கிராம். இரண்டுமே தமிழில் பவுண்டுதான். 1835இல் பல கன்ரோன்கள் சேர்ந்து, பழைய பவுண்டை மீற்றர் முறைக்கு ஏற்றபடி 500 கிராம் என்று நறுக்கி வைத்தன. அடியை 30 சென்ரிமீற்றர் என்று ஆக்கின. 1875இல் மீற்றர் உடன்படிக்கையில் கையெழுத்து வைத்த 17 நாடுகளில் சுவிஸும் ஒன்று. 1877 தொடக்கம் மீற்றர் முறை இங்கே கட்டாயம். பாட்டிமாரின் வாயில் மட்டும் புஃபுண்ட் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மாவில் 46 கிராம் கூடினால் கேக் கொஞ்சம் இறுகும். றேடியோவில் அப்படி ஒரு பிசகு வந்தால் நிலையமே மாறிப் போய்விடும்.

ஒளி எங்கே ஒளிந்திருந்தது?

இப்போது என் பிழைக்கு வருவோம். கொயிலின் சென்ரிமீற்றரை நான் சரியாகத்தான் மாற்றினேன். 1 சென்ரிமீற்றர் என்பது 1 நானோஹென்றி. 200,000 சென்ரிமீற்றர் என்பது 200 மைக்ரோஹென்றி. பிழைத்தது கொண்டென்சரில்.

ஏனென்றால் கொண்டென்சரின் சென்ரிமீற்றர் வேறு வீட்டுப் பிள்ளை. மின்னலகுகளை உண்டாக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று காந்த விசையில் இருந்து தொடங்குவது. மற்றது அசையாமல் நிற்கிற மின்னேற்றங்களுக்கு இடையே உள்ள விசையில் இருந்து தொடங்குவது. இரண்டாவது வழியில் கொள்ளளவுதான் நீளமாக வரும். 1 சென்ரிமீற்றர் ஆரை உள்ள உலோக உருண்டையின் கொள்ளளவு 1 சென்ரிமீற்றர். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 1.11 பிகோபரட். அப்பா சொன்ன "பத்துக்கு ஒண்டும் கொஞ்சமும்" இதுதான். எனக்கு வேண்டியிருந்தது 404 பிகோபரட் இல்லை, 449.

இரண்டு வழியிலும் ஒரே பொருளை அளந்து, ஒரு எண்ணை மற்ற எண்ணால் வகுத்தால் என்ன வரும்? 1856இல் வில்ஹெல்ம் வேபரும் ருடோல்ப் கோல்ராவுஷும் அதைத்தான் செய்தார்கள். ஒரு கண்ணாடிச் சாடியில் சேர்த்த மின்னேற்றத்தை முதலில் நிலைமின் வழியிலும், பிறகு அதை வடியவிட்டுக் காந்த வழியிலும் அளந்தார்கள். விடை ஒரு வேகம். வினாடிக்கு ஏறத்தாழ 310,700 கிலோமீற்றர். சில வருடம் கழித்து மக்ஸ்வெல் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பிசோ அளந்த ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒளி என்பதே மின்காந்த அலைதான் என்ற முடிவுக்கு அது அவரைத் தள்ளியது.

ஒளியின் வேகத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் இருவரும் ஒரு விளக்கையும் கொளுத்தவில்லை. அலகு மாற்றுகிற எண்ணைத்தான் தேடினார்கள்.

இதனால்தான் தூண்டுதிறனை ஒரு முறையில் இருந்து மற்றதற்கு மாற்றும்போது அப்படிப் பயங்கரமான எண்கள் வருகின்றன. ஒரு பட்டியல் தருகிறேன்:

காந்த வழியின் 1 சென்ரிமீற்றர், அதாவது 1 அப்ஹென்றி: 1 நானோஹென்றி.
1 குவாட்ரன்ற் அல்லது 1 செக்கோம்: 1 ஹென்றி.
நிலைமின் வழியின் 1 ஸ்ரற்ஹென்றி: ஏறத்தாழ 90,000 கோடி ஹென்றி.

மூன்றாவது எண்ணுக்குள் ஒளியின் வேகத்தின் வர்க்கம் இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு பெரிது.

புத்தகத்தின் சூத்திரமும் இப்போது விளங்கும். அந்தக் காலத்து றேடியோக்காரர் கொயிலைக் காந்த வழியிலும் கொண்டென்சரை நிலைமின் வழியிலும் அளந்தார்கள். கலப்பு முறை. கலந்ததால் ஒளியின் வேகம் சூத்திரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். 200,000ஐ 404ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 8,989. அதை இரண்டு பையால் பெருக்கினால் 56,480 சென்ரிமீற்றர். அதாவது 564.8 மீற்றர். பெரோமுன்ஸ்ரர்! அலைவரிசை இல்லை, ஒளியின் வேகம் இல்லை, பத்தின் அடுக்குகள் இல்லை. பள்ளி முடித்த ஒரு பொடியன் கொப்பியில் போட்டுவிடலாம். முட்டாள்தனமான பழைய அலகு என்று நான் நினைத்தது, தன் வேலைக்கு மிகப் பொருத்தமான அலகாக இருந்தது.

சூரிச்சில் ஒரு மாணவன், கொத்தார்ட்டில் ஒரு ரயில்

1896இல் சூரிச் பொலிரெக்னிக்கில் சேர்ந்த அல்பேர்ட் ஐன்ஸ்டைனுக்கு இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ஹைன்றிக் பிரீட்றிக் வேபர். மேலே சொன்ன வேபர் இல்லை, இவர் வேறு. இவரும் அளவையில் கெட்டிக்காரர். அவருடைய ஆய்வுகூடத்தில் ஐன்ஸ்டைன் விருப்பத்தோடு நேரம் செலவழித்தார். ஆனால் மக்ஸ்வெல்லின் கொள்கையை அவர் வகுப்பில் படிப்பிக்கவில்லை. ஐன்ஸ்டைன் அதைத் தானே படித்தார். பேர்ண் காப்புரிமை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த 1905இல் எழுதிய சார்பியல் கட்டுரையை அவர் எதில் தொடங்குகிறார் தெரியுமா? ஒரு காந்தம், ஒரு கடத்தி. காந்தம் அசைந்தாலும் கடத்தி அசைந்தாலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றுதான், ஆனால் விளக்கம் ஏன் இரண்டாக இருக்கிறது என்ற கேள்வி. பரடேயும் ஹென்றியும் பார்த்த அதே தூண்டல்.

தூண்டுதிறனை நீங்கள் ஒவ்வொரு நாளும் சந்திக்கிறீர்கள். வீட்டுச் சொக்கெற்றில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. எஸ்பிபி ரயிலின் மேல்கம்பியில் 16.7 முறைதான். ஏன் இந்த விசித்திர எண்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர்லிக்கோன் இயந்திரத் தொழிற்சாலை சூரிச்சின் சேபாக்கில் இருந்து வெற்றிங்கன் வரை 15,000 வோல்ற்றில் ஒரு சோதனைப் பாதை ஓட்டியது. கொயிலின் எதிர்ப்பு அலைவரிசையோடு ஏறும். 1 மில்லிஹென்றிக் கொயில் 50 ஹேர்ட்ஸில் 0.314 ஓம் எதிர்ப்புக் காட்டும். 16.7இல் 0.105 ஓம். அக்காலத்து ரயில் மோட்டர்களின் சுருள்களில் 50 ஹேர்ட்ஸ் தூண்டிய மின்னழுத்தம் கரித்துண்டுகளில் பொறி கக்க வைத்தது. மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் அடங்கியது. 50ஐ மூன்றால் வகுத்தால் 16.67. 1922இல் லுட்சேர்னில் இருந்து கியாசோ வரை கொத்தார்ட் பாதை முழுவதும் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. இன்றைய மோட்டர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் முழு நாட்டுக் கம்பியையும் யார் மாற்றுவது? நூறு வருடத்துக்கு முந்திய சுருள்களுக்காகத் தெரிந்தெடுத்த அலைவரிசையில்தான் நாம் இன்னும் வேலைக்குப் போகிறோம்.

ஒரே இரவில் மாறிய கொயில்

இன்னும் ஒரு மாற்றம் இருக்கிறது. 1908இல் லண்டன் மாநாட்டில், எல்லாரும் எளிதாகச் செய்து பார்க்கக்கூடியதாக, சர்வதேச ஓம் என்பதை 106.3 சென்ரிமீற்றர் நீளமான பாதரசத் தூணால் வரையறுத்தார்கள். பின்னர் நுணுக்கமாக அளந்தபோது அது உண்மை ஓமோடு சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. 1948 ஜனவரி 1 முதல் பாதரசத்தைக் கைவிட்டார்கள். பழைய 1 சர்வதேச ஹென்றி அன்று முதல் 1.00049 ஹென்றி ஆனது. முதல் நாள் இரவு அலுமாரியில் வைத்த கொயிலுக்கு, விடிந்ததும் வேறு எண். கொயில் அசையக்கூட இல்லை.

சென்ரிமீற்றரை முறைப்படி முடித்துவைத்தவர் ஜோர்ஜி என்ற இத்தாலியப் பொறியியலாளர். மீற்றர், கிலோகிராம், வினாடி, கூடவே மின்னுக்கென்று நாலாவது அலகு ஒன்று என்று 1901இல் அவர் சொன்னார். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1935இல் மீற்றர், கிலோகிராம், வினாடி முறையை ஏற்றது. அந்த ஆணையம் 1948இல் லண்டனில் இருந்து ஜெனீவாவுக்கு இடம்பெயர்ந்து இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1960இல் எல்லாம் சேர்ந்து இன்றைய சர்வதேச அலகு முறை ஆனது. 2019 மே 20இல் அம்பியரை எலெக்ட்ரோனின் மின்னேற்றத்தால் புதிதாக வரையறுத்தார்கள். அன்றிலிருந்து 1 சென்ரிமீற்றர் சரியாக 1 நானோஹென்றி என்று சட்டப்படி சொல்ல முடியாது. வித்தியாசம் தசமத்துக்குப் பிறகு ஏறத்தாழ பத்தாவது இலக்கத்தில். பேர்ணுக்குப் பக்கத்தில் வாபர்னில் இருக்கிற மெற்றாஸ், அதாவது நம் கூட்டாட்சி அளவை நிறுவனம், கவலைப்படலாம். நாங்கள் படத் தேவையில்லை.

அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு றேடியோ திருத்துகிற கடையில் எட்டு வருடம் வேலை செய்திருக்கிறார். பழைய ஜேர்மன் றேடியோக்கள் வரும். கொண்டென்சர்களில் சென்ரிமீற்றர் என்று அடித்திருக்கும். புதிதாகப் போட பிகோபரட் கொண்டென்சர்தான் கிடைக்கும். "முதலாளி சுவரிலை கரியாலை எழுதி வைச்சிருந்தவர், ஒண்டு தசம் ஒண்டு ஒண்டு எண்டு. தப்பாப் போட்டா இலங்கை வானொலிக்குப் பதிலா வேறை ஏதோ இரையும். சனம் கடைக்கு வந்து சண்டை பிடிக்கும்."

எனக்கு அப்பா றேடியோ வேலை செய்தவர் என்றே தெரியாது. நான் பிறந்த நாளில் இருந்து அவர் உணவகக் குசினியில்தான் வேலை. 1980களில் வந்தபோது தன் வேலை அனுபவக் கடிதத்தை ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார். இங்கே இதற்குப் பெறுமதி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவர் அதற்குப் பிறகு யாரிடமும் காட்டவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. நான் லேரெ தொடங்கிய இரண்டு வருடத்தில், ஓமின் விதியோடு மேசையில் முட்டி மோதிய எத்தனையோ இரவுகளில், அவர் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறார். "ஏன் அப்பா சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லை. பிறகு, உங்கடை அளவெல்லாம் இப்ப வேறை எண்டு நினைச்சன்."

அளவு வேறு இல்லை. ஒன்று தசம் ஒன்று ஒன்றால் பெருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கோடைகாலம் முழுவதும் ப்ரொக்கன்ஹவுஸில் வாங்கிய மூன்று பழைய றேடியோக்களை நாங்கள் இருவருமாகத் திருத்தினோம். இரண்டு பேசுகின்றன. மூன்றாவது இன்னும் இரைச்சல்தான். அப்பா விடுவதாக இல்லை.

உங்கள் அப்பா, அம்மா, மாமா, சித்தி இங்கே வருவதற்கு முதல் என்ன வேலை செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்தக் கிழமை கேட்டுப் பாருங்கள். விடை உங்களுக்குப் பழக்கமில்லாத அலகில் வரலாம். பொறுமையாக இருந்து மாற்றிப் பாருங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.